ஏழு, எட்டு, ஒன்பது பேர்: 19ஆம் நூற்றாண்டின் பெரிய சேம்பர் குழுக்களைக் கேட்க ஒரு முழுமையான வழிகாட்டி

பியானோ, ஹார்ப், பஸூன், ஹார்ன், வயோலா, செல்லோ, டபுள் பாஸ். இந்த ஏழையும் ஒன்றாக உட்கார வைக்கலாம் என்று எந்த இசைப் பாடப்புத்தகமும் சொல்லாது. ரஷ்ய இசையமைப்பாளர் கிளிங்கா 1832இல் மிலானில் தங்கியிருந்தபோது அப்படித்தான் உட்கார வைத்தார். டோனிசெட்டியின் ‘அன்னா பொலேனா’ ஓபரா அந்த ஊரில் அரங்கேறிக் கொஞ்ச காலமே ஆகியிருந்தது. அதன் மெட்டுகளைக் கோத்து ஒரு செரனேட் (மாலைப் பொழுதுக்கான இலகுவான இசை) எழுதினார். சரி, ஹார்ப் எதற்கு? அவருக்குப் பழக்கமான பிராங்கா குடும்பத்தில் இரண்டு சகோதரிகள். ஒருவர் பியானோ வாசிப்பார், இன்னொருவர் ஹார்ப். காரணம் அவ்வளவுதான்.

பியானோ, காற்று வாத்தியங்கள், தந்தி வாத்தியங்கள் எல்லாம் கலந்த பெரிய சேம்பர் குழு இசைக்குள் (ஆளுக்கொரு பகுதியாகச் சிலர் மட்டும் வாசிக்கும் அறை இசை) நுழைய இதைவிட நல்ல வாசல் கிடையாது. ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டில் நான்கு நாற்காலிகள் எப்போதோ முடிவாகிவிட்டன. யார் எழுதினாலும் இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோதான். ஏழு, எட்டு, ஒன்பது பேர் என்று போகும்போது அப்படி ஒரு சட்டம் இல்லை. பணம் கொடுத்தவர் யார், அவருக்கு எந்த வாத்தியம் பிடிக்கும், ஊரில் அன்றைக்கு நன்றாக வாசித்தவர்கள் யார் என்பதையெல்லாம் பொறுத்து நாற்காலிகள் போடப்பட்டன. அதனால் ஒவ்வொரு படைப்பையும் கேட்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இது யாருக்காக எழுதப்பட்டது? பதில் தெரிந்தால், காது எங்கே போக வேண்டும் என்பது பாதிக்கு மேல் தெரிந்துவிடும். கீழே சொல்லியிருக்கும் வரிசை எளிதானதிலிருந்து கடினமானதற்குப் போகும் வரிசை அல்ல. காது ஒவ்வொன்றாகப் பழகிக்கொள்ள வசதியான வரிசை.

படி 1: யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள்

ஆறு பேர் என்றால் செக்ஸ்டெட், ஏழு பேர் செப்டெட், எட்டு பேர் ஆக்டெட், ஒன்பது பேர் நோனெட். இந்தப் பெயர்கள் தலையை மட்டும்தான் எண்ணுகின்றன. உள்ளே என்ன வாத்தியம் என்று சொல்வதில்லை. பீத்தோவனின் செப்டெட்டில் பியானோ இல்லை. ஹும்மெலின் செப்டெட்டில் பியானோதான் எல்லாம். இரண்டுக்கும் ஒரே பெயர். ஆகவே ‘செப்டெட்’ என்று பார்த்ததும் பிளே பட்டனை அழுத்தாமல், அடியில் இருக்கும் வாத்தியப் பட்டியலை முதலில் படியுங்கள்.

பட்டியலில் மூன்று வாத்தியங்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ஒன்று கிளாரினெட். கர்நாடக இசையை ஏ.கே.சி. நடராஜன் இதில் வாசித்துக் கேட்டவர்களுக்கு அதன் மேல் ஸ்தாயி நன்றாகவே தெரியும். வியன்னா இசையமைப்பாளர்கள் அதன் கீழ் ஸ்தாயியிலும் மயங்கிக் கிடந்தார்கள். கருமையான, கொஞ்சம் எண்ணெய்ப் பசையுள்ள குரல் அது. அடுத்தது ஹார்ன். பித்தளையில் செய்ததுதான் என்றாலும், சேம்பர் இசையில் இது மரக் குழல்களான ஓபோ, பஸூன் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் உட்காரும். அடுத்தது டபுள் பாஸ். இது தனியாகக் காதில் விழவே விழாது. ஆனால் இது இருப்பதால்தான் செல்லோவுக்கு விடுதலை. அடித்தளத்தைத் தாங்கும் வேலை பாஸுக்குப் போய்விட, செல்லோ மேலே ஏறி ஆண் குரலில் பாடும். இந்த இசையில் செல்லோ மெட்டு வாசிக்கும் இடம் வரும்போதெல்லாம், கீழே பாஸ் என்ன செய்கிறது என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள்.

படி 2: பீத்தோவனின் செப்டெட்டில் தொடங்குங்கள்

ஓபஸ் 20 (ஓபஸ் என்பது படைப்பின் வரிசை எண்), ஈ-ஃபிளாட் மேஜர் சுருதி. 1800 ஏப்ரல் 2 அன்று வியன்னாவின் பர்க் தியேட்டரில், பீத்தோவன் தன் சொந்த வருமானத்துக்காக நடத்திய முதல் பெரிய கச்சேரியில் இது வாசிக்கப்பட்டது. அவருடைய முதல் சிம்ஃபனியும் அன்றைக்குத்தான் அரங்கேறியது. கிளாரினெட், பஸூன், ஹார்ன், வயலின், வயோலா, செல்லோ, டபுள் பாஸ் என்று ஏழு பேர், ஆறு பகுதிகள், நாற்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் முன்பின். பேரரசி மரியா தெரேசாவுக்குச் சமர்ப்பணம். (பழைய பேரரசி அல்ல, இரண்டாம் ஃப்ரான்ஸின் மனைவி.)

முழுவதையும் ஒரே மூச்சில் கேட்க வேண்டாம். முதல் நாள் இரண்டாம் பகுதியை மட்டும் போடுங்கள். கிளாரினெட் ஒரு நீண்ட மெட்டைப் பாடி முடிக்கும், வயலின் அதை வாங்கிக்கொள்ளும். ஒரே மெட்டு, ஆனால் மூச்சில் பிறக்கும்போது ஒரு மாதிரி, வில்லில் பிறக்கும்போது வேறு மாதிரி. கலப்புக் குழு இசையின் அடிப்படைச் சுகமே இந்தக் கைமாற்றம்தான். அடுத்த நாள் ஐந்தாம் பகுதியான ஸ்கெர்ட்ஸோ, அதாவது துள்ளலான வேகப் பகுதி. ஹார்ன் துள்ளி எழுந்து கூப்பிடும், மற்றவர்கள் பதில் சொல்வார்கள். நடுவில் செல்லோவுக்கு ஒரு தனி மெட்டு உண்டு. மேலே சொன்ன ‘விடுதலை’ இங்கே அப்படியே கேட்கும். மூன்றாம் பகுதியின் மினுவெட் (பழைய அரண்மனை நடனம்) எங்கோ கேட்டதுபோல் இருந்தால் நீங்கள் பியானோ கற்றவராக இருப்பீர்கள். ஓபஸ் 49 இரண்டாம் எண் பியானோ சொனாட்டாவில் இதே மெட்டு வருகிறது.

இந்தப் படைப்பு சக்கைப்போடு போட்டது. பிற்காலத்தில் பீத்தோவனே எரிச்சல்படும் அளவுக்கு. அதற்குப் பிறகு எவ்வளவோ எழுதியிருக்கிறேன், இன்னும் இதையே பிடித்துத் தொங்குகிறார்களே என்ற கடுப்பு. ஆனால் அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்குப் பெரிய குழுவுக்கு எழுதிய பலரும் இதை மேசையில் வைத்துக்கொண்டுதான் எழுதினார்கள். ஸ்வீடனின் பெர்வால்ட் 1828இல் எழுதிய செப்டெட்டுக்கு அதே ஏழு வாத்தியங்கள். ஸ்கெர்ட்ஸோவைத் தனியாக வைக்காமல் மெதுவான பகுதியின் வயிற்றுக்குள் செருகியிருப்பார். பீத்தோவன் முடிந்த கையோடு அதைக் கேட்டால் நன்றாகச் சிரிக்கலாம்.

படி 3: ஷூபர்ட்டிடம் ஒரு மணி நேரம் கொடுங்கள்

ஃபெர்டினாண்ட் ட்ராயர் என்பவர் ஆஸ்திரிய இளவரசர் (ஆர்ச்ட்யூக்) ருடால்ஃபின் அரண்மனை நிர்வாகி, நல்ல கிளாரினெட் கலைஞர். பீத்தோவனின் செப்டெட் மாதிரி எனக்கும் ஒன்று வேண்டும் என்று 1824இல் ஷூபர்ட்டிடம் கேட்டார். ஷூபர்ட் அதே ஏழு பேரோடு இரண்டாவது வயலின் ஒன்றைச் சேர்த்து எட்டாக்கினார். ஆறு பகுதிகள், கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். எஃப் மேஜர் ஆக்டெட், டி. 803 (ஷூபர்ட் படைப்புப் பட்டியலின் எண்).

யாருக்காக என்ற கேள்விக்குப் பதில் இரண்டாம் பகுதியின் முதல் வரியிலேயே இருக்கிறது: கிளாரினெட் தனியாக மெட்டெடுக்கும். காசு கொடுத்தவருக்கு மரியாதை. ஆனால் கேட்டவருக்குக் கேட்டதைக் கொடுத்துவிட்டு ஷூபர்ட் தன் வேலையையும் பார்த்துக்கொண்டார். அந்த மார்ச் மாதம் நண்பர் குபெல்வீஸருக்கு எழுதிய கடிதத்தில், இப்படிப்பட்ட படைப்புகள் வழியாகப் பெரிய சிம்ஃபனிக்குப் பாதை போடுகிறேன் என்கிறார். கடைசிப் பகுதியின் தொடக்கத்தைக் கேளுங்கள். செல்லோ அடியில் நடுங்கும், அதன் மேல் இருட்டு கவியும். மாலை நேரத்து விருந்துக்கு எழுதிய இசையில் இதற்கு என்ன வேலை? அது முடிந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல் ஒரு குதூகல நடை வரும், முடிவுக்குச் சற்று முன் அந்த நடுக்கம் திரும்பி ஒரு தடவை தலைகாட்டும். என்னைக் கேட்டால் இந்தப் பட்டியல் முழுவதிலும் மிக உயரமான இடம் இதுதான்.

இதில் முதல் வயலின் வாசித்தவர் ஷுப்பான்ஸிக். 1800இல் பீத்தோவனின் செப்டெட்டை வாசித்த அதே ஆள். இந்த ஆக்டெட் 1853இல் முதல் தடவை அச்சானபோது பதிப்பாளர் நான்காம், ஐந்தாம் பகுதிகளை வெட்டிவிட்டார். முழுசாக வெளிவந்தது 1889இல்.

படி 4: ஒன்பது பேருக்குக் காது கொடுங்கள்

இந்த இசை எப்படிப் பிறந்தது என்பதற்கு இருப்பதிலேயே சுவையான கதை லூயி ஸ்போருடையது. வயலினில் பெரிய பெயர். 1813இல் வியன்னாவின் ஆன் டெர் வீன் தியேட்டரில் இசைக்குழுவை நடத்த வந்து சேர்ந்தார். வந்த சில நாட்களில் யோஹான் டோஸ்ட் என்ற துணி ஆலை முதலாளி அவர் வீட்டுக் கதவைத் தட்டினார். வியன்னாவில் நீங்கள் எழுதப்போகும் சேம்பர் இசை எல்லாவற்றையும் மூன்று ஆண்டுகளுக்கு என்னிடம் கொடுங்கள்; கையெழுத்துப் பிரதி என்னிடம் இருக்கட்டும்; மூன்று ஆண்டு கழித்துத் திருப்பித் தருகிறேன், அப்புறம் நீங்கள் அச்சுக்குக் கொடுத்துக்கொள்ளுங்கள் என்றார். கூலி, ஆள் கணக்கில். நான்கு பேர் வாசிக்கும் குவார்ட்டெட்டுக்கு 30 டூகாட் (அந்தக் காலத் தங்கக் காசு), ஐந்து பேருக்கு 35, அப்படியே மேலே.

இவருக்கு இதில் என்ன லாபம் என்று ஸ்போருக்குப் புரியவில்லை. கேட்டே விட்டார். டோஸ்ட் மறைக்காமல் இரண்டு காரணம் சொன்னார். நோட்டு என்னிடம் இருந்தால், இதை வாசிக்க நினைக்கும் ஒவ்வொரு வீட்டாரும் என்னையும் விருந்துக்குக் கூப்பிட்டாக வேண்டும். அப்புறம், வியாபாரத்துக்காக ஊர் ஊராகப் போகும்போது இப்படி ஒரு பொக்கிஷம் கையில் இருந்தால் இசைப் பிரியர்களின் பழக்கம் கிடைக்கும், அது தொழிலுக்கு நல்லது. ஸ்போர் தன் சுயசரிதையில் இதை அப்படியே எழுதி வைத்திருக்கிறார். வியன்னாவில் அவர் வீட்டுக்கு மேசை நாற்காலி வாங்கிப் போட்டுக் கொடுத்ததும் இதே டோஸ்ட்தான். அதுவும் இந்தக் கணக்கிலேயே கழிந்தது.

ஆள் கணக்கில் கூலி என்றால் ஒன்பது பேருக்கு எழுதுவதில் தவறே இல்லை! ஆனால் நோனெட் யோசனையே டோஸ்டுடையது. வயலின், வயோலா, செல்லோ, டபுள் பாஸ் என்று நான்கு. புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பஸூன், ஹார்ன் என்று ஐந்து. ஒவ்வொரு வாத்தியத்தின் குணமும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். ஓபஸ் 31, எஃப் மேஜர், 1813. தொடக்கத்தில் வயலின் நான்கே ஸ்வரங்களில் ஒரு சின்ன வளைவு போடும். முதல் பகுதி முழுவதும் அந்த நான்கு ஸ்வரத்தை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குத் தூக்கிப் போட்டு விளையாடுவதுதான். அதைக் காதில் பிடித்துக்கொண்டு, இப்போது யாரிடம் இருக்கிறது என்று மட்டும் பின்தொடருங்கள். இரண்டு தடவை கேட்டால் ஒன்பது குரல்களும் பிரிந்து தெரியும். காதுப் பயிற்சிக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. இசையாக ஷூபர்ட்டுக்குப் பக்கத்தில் நிற்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்போர் எப்போதும் கொஞ்சம் வழுவழுவென்று இருப்பார்.

அடுத்த ஆண்டு எழுதிய ஆக்டெட்டில் ஹேண்டலின் ‘ஹார்மோனியஸ் பிளாக்ஸ்மித்’ மெட்டை எடுத்து விரித்திருக்கிறார். அதுவும் டோஸ்டின் யோசனைதான். இங்கிலாந்து போகத் திட்டம் வைத்திருந்தாராம், அங்கே ஹேண்டல் மெட்டு எடுபடும் என்ற கணக்கு.

அதே ஒன்பது வாத்தியங்களுக்கு 1849இல் பாரிஸில் லூயிஸ் ஃபாரென்க் என்ற பெண் இசையமைப்பாளர் ஒரு நோனெட் எழுதினார். ஓபஸ் 38, ஈ-ஃபிளாட் மேஜர். 1842இலிருந்து பாரிஸ் கன்சர்வேட்டரியில் (இசைக் கல்லூரி) அவர் பியானோ பேராசிரியர். ஆண் பேராசிரியர்களுக்கு ஒரு சம்பளம், அவருக்கு அதைவிடக் குறைவு. 1850இல் இந்த நோனெட் அரங்கேறியது. வயலின் வாசித்தவர் யோஸெஃப் யோவாகிம், அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. கூட்டம் கொண்டாடியது. அந்த வெற்றியோடு ஃபாரென்க் கன்சர்வேட்டரி இயக்குநர் ஓபேருக்குக் கடிதம் எழுதிச் சம ஊதியம் கேட்டார், கிடைத்தது. முதலில் மூன்றாம் பகுதியைக் கேளுங்கள். தந்திகளை விரலால் சுண்டிக்கொண்டே பூனை நடையில் தொடங்கும் ஸ்கெர்ட்ஸோ அது. காற்று வாத்தியங்கள் உள்ளே வரும் விதத்தைப் பார்த்தால், ஐந்து பேரின் மூச்சும் எங்கே முடியும் என்று தெரிந்து எழுதிய கை என்பது விளங்கும். அவர் கணவர் புல்லாங்குழல் கலைஞர், பதிப்பாளரும்கூட.

படி 5: ஹார்னுக்காக ஒரு நாள் ஒதுக்குங்கள்

பீத்தோவனும் ஃபாரென்கும் ஈ-ஃபிளாட்டிலேயே சுற்றுவது தற்செயல் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹார்னுக்கு வால்வு கிடையாது. சுருட்டிய ஒரு நீளக் குழாய், அவ்வளவுதான். உதட்டை மாற்றி ஊதினால் இயற்கையாக எழும் சில ஸ்வரங்கள் மட்டும் தெளிவாக வரும். மற்ற ஸ்வரங்களுக்கு வலது கையை ஹார்னின் வாய்க்குள் நுழைத்துப் பாதி அடைக்க வேண்டும். அப்போது ஒலி மங்கும், மூக்கடைத்ததுபோல் ஆகும். ஆகவே ஹார்னுக்குச் சௌகரியமான சுருதியில் மொத்தப் படைப்பையும் அமைத்துவிடுவது புத்திசாலித்தனம். ஈ-ஃபிளாட்டும் எஃபும் அப்படிப்பட்டவை.

1818இல் பெர்லினில் ஷ்டோல்ஸெலும் ப்ளூமெலும் வால்வுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். ஆனாலும் பழைய ஹார்ன் உடனே ஒழிந்துவிடவில்லை. இன்றைய வால்வு ஹார்னில் பீத்தோவனைக் கேட்டால் எல்லா ஸ்வரமும் சம வெளிச்சத்தில் வரும். பழைய வாத்தியங்களில் பதிவு செய்ததைக் கேட்டால் சில ஸ்வரம் பளிச்சென்றும் சில ஸ்வரம் புகை மூட்டத்திலும் வரும். பீத்தோவன் அந்தப் புகையையும் கணக்குப் போட்டுத்தான் எழுதினார். ஒரே பகுதியை இரண்டு பதிவிலும் அடுத்தடுத்துக் கேட்டால் உடனே பிடிபடும்.

படி 6: இப்போது பியானோவை உள்ளே விடுங்கள்

இதுவரை பியானோவைத் தள்ளி வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. பியானோ வந்ததும் குழுவின் அரசியலே மாறிவிடும். அதனால் தனியாகவே ஒரு முழு இசைக்குழுவின் வேலையைச் செய்ய முடியும். கூட இருக்கும் ஆறு பேருக்கு வேலை கொடுக்க வேண்டும் என்றால் பியானோ கொஞ்சம் ஒதுங்க வேண்டும். ஒதுங்குகிறதா, எங்கே ஒதுங்குகிறது என்பதுதான் இனி கவனிக்க வேண்டியது.

தொடக்க காலத்தில் ஒதுங்கியதே இல்லை, ஏனென்றால் எழுதியவர்தான் வாசிப்பவர். பிரஷ்ய இளவரசர் லூயி ஃபெர்டினாண்ட் எழுதிய ஆக்டெட்டைப் பாருங்கள்: பியானோ, கிளாரினெட், இரண்டு ஹார்ன், இரண்டு வயோலா, இரண்டு செல்லோ. வயலினே கிடையாது. மேல் ஸ்தாயி முழுவதும் இளவரசரின் வலது கைக்கு. அவர் பொழுதுபோக்குக்கு வாசித்தவர் இல்லை, உண்மையிலேயே பெரிய பியானோ கலைஞர். பீத்தோவன் தன் மூன்றாவது பியானோ கன்செர்ட்டோவை (தனிப் பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்த படைப்பு) அவருக்குச் சமர்ப்பித்தார். 1806 அக்டோபர் 10 அன்று ஸால்ஃபெல்ட் போர்க்களத்தில் நெப்போலியனின் படையோடு மோதி இறந்தபோது அவருக்கு வயது 33.

இந்த வகையின் உச்சம் யோஹான் நெபோமுக் ஹும்மெல். 1778இல் இன்றைய ப்ராட்டிஸ்லாவாவில் பிறந்து, சிறுவனாக மோட்ஸார்ட்டின் வீட்டிலேயே தங்கிப் படித்தவர். அவருடைய டி மைனர் செப்டெட், ஓபஸ் 74, 1816இல் வெளிவந்தது. பியானோ, புல்லாங்குழல், ஓபோ, ஹார்ன், வயோலா, செல்லோ, டபுள் பாஸ். இங்கேயும் வயலின் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அதே காரணம்தான். நான்கு பகுதிகளில் முதலாவது கொந்தளிப்பாகத் தொடங்கும், பியானோ கன்செர்ட்டோ போலவே விரல் பறக்கும். முதல் தடவை பியானோவை மட்டும் கேளுங்கள், எப்படியும் வேறு எதுவும் காதில் விழாது. இரண்டாவது தடவை பியானோவைப் பின்னால் தள்ளிவிட்டு ஹார்னையும் வயோலாவையும் தேடுங்கள். பியானோ வேகமாக ஓடும் இடங்களில் அவை நீண்ட ஸ்வரங்களைப் பிடித்துக்கொண்டு தரை போட்டுக்கொண்டிருக்கும். மூன்றாம் பகுதியில் ஒரு மெட்டை விரித்துக்கொண்டே போவார். அங்கேதான் மற்றவர்களுக்குப் பேச வாய்ப்பு வருகிறது, முதல் பகுதி அலுத்தால் நேராக அதற்குப் போய்விடுங்கள். பின்னாளில் பியானோ மேதை லிஸ்ட் இதை மேடைகளில் வாசித்தார், தனிப் பியானோவுக்கும் மாற்றி எழுதினார்.

இங்கே ஒலிப் பிரச்சினை ஒன்று இருக்கிறது. ஹும்மெல் வாசித்த வியன்னா பியானோவின் சட்டம் மரம், சுத்தியல்களில் தோல். ஒலி மெலிது, சட்டென்று அடங்கிவிடும். ஓபோவும் வயோலாவும் அதன் ஊடாகத் தாராளமாகக் கேட்கும். இன்றைய கான்செர்ட் கிராண்டுக்கு இரும்புச் சட்டம், முறுக்கிய தந்தி. அதில் அதே ஸ்வரங்களை வாசித்தால் பாவம் வயோலா, இருக்கும் இடமே தெரியாது. ‘ஹும்மெலுக்குக் குழுவுக்கு எழுதத் தெரியாது’ என்று சிலர் எழுதுவதில் பாதி, தவறான பியானோவில் கேட்டதன் விளைவு என்பது என் கட்சி.

இந்த செப்டெட்டை ஹும்மெல் ஒரே நேரத்தில் இன்னொரு வடிவத்திலும் வெளியிட்டார்: காற்று வாத்தியங்களை எடுத்துவிட்டு, பியானோ, வயலின், வயோலா, செல்லோ, டபுள் பாஸ். ஷ்டைர் நகரத்தில் பாம்கார்ட்னர் என்ற செல்லோ பிரியருக்கு அது மிகவும் பிடித்துப்போய், அதே வாத்தியங்களுக்கு எனக்கும் ஒன்று என்று ஷூபர்ட்டிடம் கேட்டார். வந்தது ‘ட்ரவுட்’ குவின்டெட். உலகப் புகழ் பெற்ற அந்த விநோதமான வாத்தியச் சேர்க்கையின் தாய்வீடு ஹும்மெல்தான்.

ஹும்மெலின் இன்னொரு செப்டெட், ஓபஸ் 114, சி மேஜர், 1829. ‘மிலிட்டரி’ என்று பெயர். டிரம்பெட் இருப்பதுதான் காரணம். ஓபஸ் 74இன் உயரத்துக்கு வராது. ஆனால் புல்லாங்குழலோடும் பியானோவோடும் ஒரே அறையில் டிரம்பெட்டை வைத்தால் எப்படிச் சமாளிப்பது என்ற கேள்விக்கு முன்னோட்டமாக ஒரு தடவை கேட்டு வையுங்கள். அடுத்த படிக்கு அது தேவைப்படும்.

படி 7: சென்-சான்ஸின் டிரம்பெட்

எமில் லெமாயின் கணித மேதை. முக்கோண வடிவியல் படித்தவர்களுக்கு ‘லெமாயின் புள்ளி’ தெரிந்திருக்கும். மாணவப் பருவத்தில் நண்பர்களோடு சேர்ந்து பாரிஸில் ஒரு சேம்பர் இசைச் சங்கம் தொடங்கினார். அதன் பெயர் ‘லா ட்ரொம்பெட்’. சங்கத்தின் பெயருக்குப் பொருத்தமாக டிரம்பெட் வைத்து ஒன்று எழுதிக் கொடுங்கள் என்று பிரெஞ்சு இசையமைப்பாளர் சென்-சான்ஸை ஆண்டுக்கணக்கில் நச்சரித்தார். வேண்டுமானால் கிதாரும் பதின்மூன்று டிராம்போனும் வைத்து எழுதித் தருகிறேன் என்று அவர் கிண்டலடித்துத் தட்டிக் கழித்துப் பார்த்தார். கடைசியில் 1879 டிசம்பரில் முதல் பகுதியை மட்டும் எழுதிக் கொடுத்தார். ஓராண்டு கழித்து முழு செப்டெட்டும் அரங்கேறியது. ஓபஸ் 65: டிரம்பெட், இரண்டு வயலின், வயோலா, செல்லோ, டபுள் பாஸ், பியானோ. லெமாயினுக்கே சமர்ப்பணம். எழுத விருப்பமே இல்லாத ஒன்று தன் பெரிய வெற்றிகளில் ஒன்றாக ஆகிப்போனதைப் பிற்காலத்தில் அவரே லெமாயினிடம் ஒத்துக்கொண்டார்.

பதினெட்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நேரம் இல்லாதவர்கள் இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்று கேட்பதானால் இதைக் கேட்கலாம். தொடக்கத்தில் தந்திகளும் பியானோவும் ஒரே குரலில் தடாலடியாக இறங்கும். டிரம்பெட் எப்படி வருகிறது என்று பாருங்கள்: முழக்கம் எதுவும் இல்லாமல், ஒரே ஸ்வரத்தை நீளமாகப் பிடித்துக்கொண்டு. அந்த இடத்திலேயே சென்-சான்ஸ் பிரச்சினையைத் தீர்த்துவிட்டார். ஐந்து தந்திகளை அமுக்கக்கூடிய வாத்தியத்துக்கு நீண்ட ஸ்வரமும் சின்னச் சின்ன அழைப்புகளும் கொடுத்தார். விரல் வேலையெல்லாம் பியானோவுக்கு. மூன்றாம் பகுதியில் செல்லோ சோகமாக மெட்டெடுக்கும், வயோலா, வயலின் என்று மேலே ஏறிக்கொண்டே போய் டிரம்பெட்டிடம் சேரும்போது, அது அடக்கி வாசிக்கும் விதத்தில் டிரம்பெட் என்பதே மறந்துபோகும். கடைசிப் பகுதி கவோட் நடனம், சுண்டும் தந்திகள், ராணுவ முகாமின் பியூகிள் ஊதல் மாதிரி ஒரு கூப்பாடு.

இதில் ருசி கண்டவர்கள் 1886இல் அவர் எழுதிய ‘கார்னிவல் ஆஃப் தி அனிமல்ஸ்’ பக்கம் போகலாம். பலரும் அதை ஆர்கெஸ்ட்ராவில்தான் கேட்டிருப்பார்கள். எழுதப்பட்டதோ பதினொரு பேருக்கு. இரண்டு பியானோ, ஐந்து தந்திகள், புல்லாங்குழல், கிளாரினெட், கண்ணாடி ஹார்மோனிகா, ஸைலஃபோன். நண்பர்களுக்கு வேடிக்கை காட்ட எழுதியது. ‘ஸ்வான்’ பகுதியைத் தவிர எதையும் உயிரோடு இருக்கும்வரை அச்சிட விடவில்லை.

படி 8: எதில் கேட்பது, எதைப் பார்த்துக் கேட்பது

பதிவுகளுக்குப் பஞ்சமில்லை. பீத்தோவன், ஷூபர்ட், ஸ்போர், பெர்வால்ட் நான்குக்கும் காடியர் என்ஸெம்பிள் ஹைபீரியன் நிறுவனத்துக்காகச் செய்த பதிவுகள் தெளிவானவை, ஒவ்வொரு குரலும் தனியாகக் கேட்கும். பழைய வியன்னா வாசனை வேண்டும் என்றால் டெக்காவின் வியன்னா ஆக்டெட். பழைய வாத்தியங்களில் ஷூபர்ட் வேண்டும் என்றால் லார்ஷிபுடெல்லியும் மோட்ஸாஃபியாட்டோவும் சேர்ந்து வாசித்தது. படி 5இல் சொன்ன ஹார்ன் பரிசோதனைக்கு அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹும்மெலின் இரண்டு செப்டெட்டும் கேப்ரிகார்ன் குழுவிடம் ஒரே தட்டில் கிடைக்கும். சென்-சான்ஸுக்கு நாஷ் என்ஸெம்பிள். யாரும் கேள்விப்படாத பெயர்களைத் தேடிப் போக ஆசையிருந்தால் கிளாரினெட் கலைஞர் டீட்டர் க்ளோக்கர் நடத்திய கன்சார்ட்டியம் க்ளாஸிகம். புதையல் எடுப்பதே அவர்கள் தொழில்.

ஸ்கோர்கள் (எல்லா வாத்தியங்களின் நோட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும் தாள்கள்) ஐ.எம்.எஸ்.எல்.பி. இணையதளத்தில் இலவசம். நோட்டு படிக்கத் தெரியாதவர்களும் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்கலாம். வரிகளின் எண்ணிக்கைதான் ஆட்களின் எண்ணிக்கை; பியானோவுக்கு மட்டும் இரண்டு வரி, பெரும்பாலும் அடியில். எந்த வரி வெள்ளையாக இருக்கிறதோ அவர் ஓய்வில் இருக்கிறார். ஹும்மெலின் பக்கங்களைப் புரட்டினால் கீழே கறுப்பு மொய்க்கும், மேலே வெள்ளை விரிந்து கிடக்கும். சென்-சான்ஸின் பக்கங்களில் டிரம்பெட் வரி எவ்வளவு வெள்ளை என்று பாருங்கள். யார் எப்போது சும்மா இருக்கிறார் என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

தேடும்போது ஒரு எச்சரிக்கை: பிராம்ஸின் முதல் செரனேடை நோனெட் என்று போட்டு நிறையப் பதிவுகள் வரும். அவர் முதலில் சிறு குழுவுக்குத்தான் எழுதினார்; பிறகு ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றினார், மூலம் கிடைக்கவில்லை. நாம் கேட்பதெல்லாம் பிற்காலத்தவர் ஊகித்து மீட்டெழுதியவை. நன்றாகவே இருக்கும், ஆனால் யார் கைவேலை என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

படி 9: நீங்கள் வாசிப்பவராக இருந்தால்

ஹார்னும் பஸூனும் வாசிப்பவர் பக்கத்து வீட்டில் கிடைக்க மாட்டார். கவலை இல்லை, அன்றைக்கும் இதே பிரச்சினை இருந்தது. இசையமைப்பாளர்களே மாற்று வைத்திருக்கிறார்கள். ஹும்மெலின் ஓபஸ் 74ஐ மேலே சொன்ன குவின்டெட் வடிவில் வாசிக்கலாம், டபுள் பாஸ் மட்டும் எங்கிருந்தாவது பிடிக்க வேண்டும். பியானோ பகுதி கடினம். அதை முன்கூட்டியே பியானோ வாசிப்பவரிடம் சொல்லிவிடுங்கள். மூன்றே பேர் என்றால் பீத்தோவனின் செப்டெட். அவரே அதைத் தன் மருத்துவர் ஷ்மிட்டுக்காகப் பியானோ ட்ரையோவாகச் சுருக்கியிருக்கிறார், ஓபஸ் 38. பியானோ, செல்லோ, கிளாரினெட். கிளாரினெட் இல்லாவிட்டால் அந்தப் பகுதியை வயலினில் வாசிக்கலாம் என்று அதற்கும் நோட்டு கொடுத்திருக்கிறார். இரண்டாம் பகுதியிலிருந்து தொடங்குங்கள்; வேகம் குறைவு, மூன்று பேருக்கும் ஒருவரை ஒருவர் கேட்க நேரம் கிடைக்கும்.